குளிரூட்டியை நம்பியிராத நொதியங்கள்

(வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. வீடுகளில் மீனும் இறைச்சியும் பழுதாகும். ஆய்வுகூடத்தில் பழுதாவது நொதியம், அதாவது உயிரினங்களில் வேதித் தாக்கங்களை விரைவாக்கும் புரதம். அநேகமான நொதியங்களைக் கிளிசரோல் கலந்து −20 பாகை செல்சியசில்தான் வைப்போம். கொழும்பு வெக்கையில் கிடந்தால் புரதத்தின் மடிப்பு குலையும். அதன் பிறகு அது வேலைக்கு உதவாது. ஆகவே, குளிரில்லாமல் நொதியத்தைக் காக்கும் கரைப்பானைத் தேடுவது எங்கள் ஊருக்கே தேவையான ஆய்வு. மாணவர்களால் செய்யக்கூடியதும்கூட.

அப்படியொரு கரைப்பானை இரண்டு சாதாரணப் பொருள்களில் செய்யலாம். கோலின் குளோரைட்டு கோழித்தீவனத்தில் சேர்ப்பது. யூரியா வயலுக்குப் போடுவது. முன்னது உருக 302 பாகை வேண்டும், பின்னதற்கு 133. 140 கிராம் கோலின் குளோரைட்டுக்கு 120 கிராம் யூரியா கலந்து, 80 பாகையில் வைத்துக் கிளறுங்கள். இரண்டு வெள்ளைத் திண்மங்களும் தெளிந்த பாகாகிவிடும். ஆறிய பிறகும் திரவமாகவே இருக்கும். இந்தக் கலவையின் உருகுநிலை 12 பாகைதான்! 2003இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அண்ட்ரூ அபொட் குழுவினர் இதை வெளியிட்டார்கள்.

யூரியா புரதத்தைக் குலைக்குமே என்று உயிரியல் படிக்கும் பிள்ளை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். நீரில் செறிவாகக் கரைந்த யூரியா குலைக்கும். ஆனால் 2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் கொழுப்பை உடைக்கும் லிப்பேசு நொதியத்தை இந்தக் கலவைக்குள்ளேயே வேலை செய்ய வைத்தார்கள். யூரியா இங்கே குளோரைட்டு அயனோடு ஐதரசன் பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதால் புரதத்தின் பக்கம் போவதில்லை என்று விளக்குகிறார்கள். லிப்பேசு தாங்கியது என்பதற்காக எல்லா நொதியமும் தாங்கும் என்று எடுத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மாணவருக்கு வேலை இருப்பது அங்கேதான்.

பப்பாசிக்காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பேயின் என்ற நொதியம் இருக்கிறது, அது புரதத்தை உடைக்கும். யூரியாவுக்குப் பதில் கிளிசரோல் சேர்த்த கலவையில் அந்தப் பப்பாசிப் பாலின் ஒரு பங்கையும் வெறும் நீரில் ஒரு பங்கையும் அறை வெப்பத்தில் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரே அளவு எடுத்துப் பசும்பாலில் விட்டு, அது திரைய எத்தனை வினாடி என்று குறியுங்கள். திரைய எடுக்கும் நேரம் கூடக் கூட நொதியம் சாகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. இந்த வகைக் கரைப்பான் எல்லாமே சுற்றாடலுக்கு நல்லது என்று எழுதிவிடாதீர்கள். எதிலீன் கிளைக்கோல் சேர்த்தும் செய்கிறார்கள், அது நஞ்சு. அப்புறம், கோலின் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுக்கும். எங்கள் கடற்காற்றில் போத்தல் திறந்திருந்தால் கலவையில் நீர் ஏறும், முடிவும் மாறும். ஆகவே போத்தலை இறுக மூடி, ஒவ்வொரு முறையும் தராசில் வைத்துப் பார்த்து, அந்த நிறையையும் கொப்பியில் எழுதுங்கள்.