ஆளை மடக்கினால் கணக்குச் சரியாகுமோ?

நடுவர் அவர்களே, இரண்டு அணியினரே, வெறும் மணலிலே குந்தியிருந்து கச்சான் கொறிக்கிற உண்மையான நீதிபதிகளே, வணக்கம். மிச்ச வணக்கங்களை நேரம் கருதி விழுங்கிவிட்டேன்.

வாக்குவாதத்தைக் கெடுப்பது பிழையான நியாயமா, ஆளைத் தாக்கும் பேச்சா? இதுதான் வழக்கு. ஆளைத் தாக்கும் பேச்சே என்பது என் அணி. பிழையான நியாயமே என்று எதிரணித் தலைவர் நன்றாகத்தான் பேசினார். மணிமேகலையைத் தூக்கி வந்தார். போலி என்றால் நியாயம்போலத் தோன்றுகிற பிழை. அதன் 29ஆம் காதையிலே, நாட்ட வந்த கூற்றிலே வரும் பக்கப் போலி 9, காரணத்திலே வரும் ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10, ஆக 33 போலிகள் என்று எண்ணிக் காட்டினார். எண்ணிக்கை சரி. அதோடு இருந்திருக்கலாம். இருக்கும் நேரம் என் பக்கம் திரும்பி, "வரம்பிலே கால் வைக்காத வாத்தியார், வயல்காரருக்கு நியாயம் சொல்ல வந்திட்டார்" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு இருந்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். என் அணிக்குத் தேவையான முதல் சான்றை அவரே கொண்டுவந்து தந்தால் தட்டாமல் என்ன செய்வது?

ஐயா, 29ஆம் காதை வரை போனீர்கள். முதற் காதையை ஏன் புரட்டவில்லை? பட்டிமண்டபம் ஏறுகிறவர்கள், ஆகாதவரோடு என்றாலும் சினமும் கலகமும் செய்யாமல் விலகுங்கள் என்று அங்கே முரசறைந்து சொல்லியிருக்கிறதே!

சரி, நான் வரம்பிலே கால் வைக்காதவன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து என்ன முடிவு வருகிறது? "வாத்தியார் ஒரு மொக்கன், ஏனென்றால் அவர் கணக்கு இந்த இடத்திலே பிழைக்குது" என்று ஒருவர் சொன்னால் அதிலே மரியாதை இல்லை. ஆனால் நியாயம் இருக்கிறது, பிழைத்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம். "வாத்தியார் வரம்பு மிதிக்காதவர், ஆனபடியால் அவர் கணக்குப் பிழை" என்றால் இரண்டும் இல்லை. வசை சேர்ந்தவுடனே பேச்சுப் போலியாகிவிடாது. காரணம் இருக்க வேண்டிய கதிரையிலே வசை ஏறிக் குந்தினால்தான் போலி.

இப்போது ஒரு குளத்துச் சிறுபோகக் கூட்டத்துக்கு வாருங்கள். குளத்துத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர் கூடி முடிவெடுக்கிற கூட்டம். எந்தக் குளம் என்று கேட்காதையுங்கோ. கிளிநொச்சியிலே கேட்டால் முல்லைத்தீவு என்பினம், முல்லைத்தீவிலே கேட்டால் வவுனியா என்பினம். குளத்திலே பாய்ச்சக்கூடிய தண்ணீர் 1,200 ஏக்கர் அடி. ஒரு ஏக்கரிலே ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி. சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று வைத்தால் 300 ஏக்கர் விதைக்கலாம். கமக்காரர் அமைப்பு கேட்டது 450 ஏக்கர்.

வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர் ஒருவர் எழும்பினார். "450 விதைச்சால் 1,800 வேணும். 600 குறையுது. கதிர் வெளிவர முந்தின குடலைப் பருவத்திலே எங்கட பக்கம் தண்ணி வராது. கதிர் சப்பியாப் போகும்." அவ்வளவுதான் சொன்னார்.

முதல் பதில்: "நீ போன போகம் வாய்க்கால் துப்புரவாக்க வந்தனியோ?" கடைசிக் காணிக்காரர் விடுவாரா? "எனக்குக் காய்ச்சல்" என்றார். "காய்ச்சல்காரன் அண்டைக்குப் பின்னேரம் பரந்தன் சந்தியிலே நிண்டவன்" என்றார் இன்னொருவர். "மருந்து வாங்கப் போனனான்." "மருந்தோ? எந்த மருந்து?" கூட்டம் சிரித்தது. அடுத்து, இரண்டு வருசத்துக்கு முன்னே யாருடைய மாடு யாருடைய பயிரை மேய்ந்தது என்று வந்தது. மாட்டின் நிறத்திலேயே அரை மணித்தியாலம் போனது. ஒருவர் செவலை என்றார், ஒருவர் மயிலை என்றார். மாடு செத்தே ஒரு வருசம்! பிறகு ஒரு பெரியவர் துவாயை உதறித் தோளிலே போட்டு எழும்பினார். "1920இலே முடிஞ்ச இரணைமடுக் குளக்கட்டுக்கு என்ர பூட்டன் மண் சுமந்தவர். எனக்குத் தெரியாத தண்ணியோ? காணும், விதையுங்கோ." பலத்த கைதட்டு. அந்தப் பூட்டனைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் சுமந்த மண் கட்டிலே இருக்கு. இந்தக் குளத்துத் தண்ணீர்க் கணக்கிலே இல்லையே!

கடைசியில் 450 என்று முடிவானது. அந்த 600 ஏக்கர் அடி எங்கே இருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கவனியுங்கள், அந்தக் கடைசிக் காணிக்காரர் துப்புரவுக்கு வரவில்லை என்பது உண்மை. மாடு மேய்ந்ததும் உண்மை. உண்மையைச் சொல்லியே ஒரு கணக்கை விழுத்தலாம், அதுதான் இந்தப் பேச்சின் கெட்டித்தனம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சொன்னவரின் வாயிலிருந்து அந்தப் பேச்சைக் கழற்றி வேறொருவரின் வாயிலே வையுங்கள். "600 குறையுது" என்று அரசாங்க அதிபர் சொன்னால் குறைவு கூடுமோ? என் எதிரணித் தலைவர் சொன்னால் 599 ஆகுமோ? மாறவில்லை என்றால் ஆளைப் பற்றிய கதை அங்கே வேண்டாதது. "நான் கண்டனான்" என்று சாட்சி சொல்கிறவரிடம் நீ அங்கே நின்றனியோ என்று கேட்கலாம். பொருளாளரிடம் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கலாம். அங்கே ஆளே ஆதாரத்தின் ஒரு பாகம். 1,200ஐ 4ஆல் பிரிப்பதற்கு ஆள் தேவையில்லை.

அந்தக் கடைசிக் காணிக்காரர் எங்கே கோட்டைவிட்டார் தெரியுமோ? காய்ச்சல் என்று பதில் சொன்ன இடத்திலே. நன்னூல் பத்துக் குற்றங்களிலே ஒன்றாகச் சொல்லும் மற்றொன்று விரித்தல், அதாவது எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குவது, அங்கேதான் தொடங்கியது. "ஓம், நான் வரேல்லை. தண்டம் போடுங்கோ, கட்டுறன். இப்ப 600க்கு என்ன வழி?" என்று ஒரே மூச்சிலே திருப்பியிருந்தால் மாடு கூட்டத்துக்குள்ளே வந்திராது. ஒத்துக்கொள்ளுங்கள், கேள்வியை மறுபடி வையுங்கள். மூன்று தரம் வைத்தும் பதில் வராவிட்டால், பதில் இல்லை என்று கூட்டக் குறிப்பிலே எழுதச் சொல்லுங்கள்.

எதிரணித் தலைவருக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். பிழையான நியாயமும் கெடுதல்தான். 2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உரம், பூச்சிநாசினி இறக்குமதியைத் தடை செய்தபோது, "உரம் வேணுமோ, நஞ்சில்லாத சோறு வேணுமோ?" என்று தெருவெல்லாம் கேள்வி. இரண்டே வழி உள்ளதுபோலப் பேச்சு. மண்ணைப் பரிசோதித்து அளவைக் குறைத்து, சேதன உரத்தையும் சேர்த்துப் படிப்படியாகப் போகிற மூன்றாம் வழியை அந்தக் கேள்வியே மறைத்தது. ஆனால் நவம்பரிலே தடை தளர்ந்தது. அடிபட்ட பயிருக்கு அது உதவவில்லை, உண்மை. என்றாலும் முடிவு திரும்பியது. அந்த நேரம் உரம் கேட்டவனை "நஞ்சு விதைக்கிறவன்" என்றார்களே, அந்தச் சொல்லை எந்த அரசாங்க வர்த்தமானி திருப்பி எடுத்தது?

நடுவர் மணியைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, ஆனால் அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையை நான் இன்னும் சொல்லவில்லை.

அங்கே ஒரு அக்கா இருந்தா. சண்டையிலே புருசனை இழந்தவ. மெனிக்பாம் அகதி முகாமிலே, கூடாரத்திலே இரண்டு பிள்ளைகளோடு இருந்து, கண்ணிவெடி எடுத்து முடிந்த பிறகு ஊர் திரும்பி, பத்தை மண்டிக் கிடந்த காணியைக் கத்தியாலே வெட்டி வயலாக்கினவ. மாட்டுச் சண்டை நடக்கும்போது அவ எழும்பிச் சொன்னா: "தம்பியவை, அவர் சொல்லுறது சரி. போன சிறுபோகமும் குடலையிலேதான் தண்ணி வராம நிண்டது. நான் பதினெட்டு மூட்டை எடுக்கிற இடத்திலே ஆறு எடுத்தனான்." அந்த முழுக் கூட்டத்திலும் கையிலே ஆதாரம் வைத்திருந்தவ அவ ஒருத்திதான்.

அவவுக்குக் கிடைத்த பதில்: "வீட்டிலே ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ? இருந்தால் வரச் சொல்லுங்கோ."

அவ இருந்திட்டா. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் மறுக்கவும் இல்லை. இல்லாத ஆம்பிளையை எங்கே போய்க் கூட்டிவருவா? எந்த மண்ணிலே தேடுவா? அடுத்த போகக் கூட்டத்துக்கு அவ வரவில்லை. அதற்கு அடுத்ததுக்கும் வரவில்லை. 33 போலிகளிலே இது எத்தனையாவது என்று எனக்கு எண்ணத் தோன்றவில்லை, நடுவர் அவர்களே.

அடியுங்கள் மணியை, இறங்குகிறேன். அடுத்துப் பேச எதிரணியிலே ஒருவர் எழும்புவார். என்னை வாத்தி என்னட்டும், வரம்பு தெரியாதவன் என்னட்டும், வேட்டி கட்டத் தெரியாதவன் என்றாலும் எனக்குக் குறையில்லை. அந்த அக்கா சொன்ன ஆறு மூட்டைக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு சொல்லட்டும்.