புதிதாக வந்த கடற்சாமந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் கடற்கரையிலிருந்து 1828ஆம் ஆண்டில் சர் ஜான் டேலியெல் என்னும் இயற்கை ஆய்வாளர் எடுத்து வந்த, பூப்போல் விரியும் கடல்விலங்கான கடற்சாமந்தி ஒன்று, அவர் மறைந்த பிறகும் பலரிடம் கைமாறி, 1887 வரை எடின்பரோ நகரில் ஒரு கண்ணாடிச் சாடியில் உயிரோடு இருந்தது. மின்விளக்கோ நீரேற்றியோ இல்லாத காலம் அது. கடல்நீரை மாற்றுவதும் இடையிடையே சிறிது மட்டி இறைச்சி கொடுப்பதுமே அதற்குக் கிடைத்த பராமரிப்பு. நம் வீட்டுத் தொட்டிகளுக்கு இன்று வந்து சேரும் கடற்சாமந்திகளிலோ பல, எத்தனையோ கருவிகள் சூழ இருந்தும், சில வாரங்களிலேயே கரைந்துபோகின்றன. அவை முதுமையால் இறப்பதில்லை என்பது தெளிவு. பெரும்பாலும் அவற்றைக் கொல்வது தொட்டியின் இளமையும், வளர்ப்பவரின் அவசரமுமே.

எடின்பரோவில் வாழ்ந்தது குளிர்கடல் இனம். இரை பிடித்து உண்டே வாழ்வது. கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் வெப்பக்கடல் இனங்கள் அப்படியல்ல. அவை தம் திசுக்களுக்குள் நுண்பாசிகளைக் குடியமர்த்தி, அப்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பங்கைப் பெற்று வாழ்கின்றன. ஆகையால் அவற்றுக்கு நல்ல ஒளி இன்றியமையாதது. உடலில் தெரியும் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தப் பாசிகளுடையது. கடையில் பால்வெள்ளையாகக் காட்சி தரும் கடற்சாமந்தியை அரிய வகை என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அது தன் பாசிகளை இழந்து பட்டினி கிடக்கும் உயிர். பளிச்சிடும் மஞ்சளிலோ இளஞ்சிவப்பிலோ இருப்பவற்றுள் சில, சாயம் ஏற்றப்பட்டவை. வாங்கும்போது நிறத்தைவிட வாயையும் பாதத்தையும் பார்ப்பதே பயன் தரும். வாய் இறுக மூடியிருக்க வேண்டும். பாதம் கிழியாமல் எதையாவது பற்றிக்கொண்டிருக்க வேண்டும். கல்லைப் பற்றியிருந்தால், அதைப் பிய்த்தெடுக்காமல் கல்லோடு சேர்த்தே தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். பாதத்தில் ஏற்படும் கிழிசல் எளிதில் அழுகிவிடும்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, உணர்கொம்புகளின் நுனியில் குமிழ் போன்ற புடைப்புடைய எண்டாக்மேயா குவாட்ரிகலர் என்னும் இனம். இது தொட்டியிலேயே உடலை இரண்டாகப் பிளந்து பெருகுவதால், கடலிலிருந்து பிடிக்காத கன்றுகள் வளர்ப்பவர்களிடம் கிடைக்கின்றன. தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகிய உயிர் என்பது பெரிய ஆதாயம். நம் மன்னார் வளைகுடாவில் இயல்பாக வாழும் ஹாடன் கம்பளச் சாமந்தி அழகியதுதான். ஆனால் அது அகலமாகப் பரவி, ஆழமான மணல் கேட்டு, அருகில் வரும் சிறு மீனையும் பிடித்து விழுங்கக்கூடியது. அனுபவம் பெற்ற பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

தொட்டியின் வயதைப் பற்றிச் சொன்னேன். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதாலேயே தொட்டி முதிர்ந்துவிட்டது என்று பொருளில்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களிலும் மணலிலும் நிலைபெற வேண்டும்; அதன் பிறகும் உப்புத்தன்மை, காரத்தன்மை ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் அடங்கச் சில மாதங்கள் ஆகும். ஆறு மாதமாவது ஓடிய தொட்டியில்தான் கடற்சாமந்தியை விட வேண்டும் என்பது வளர்ப்பவர்களிடையே பரவலான கருத்து. ஓராண்டு காத்திருந்தால் இன்னும் நல்லது. நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசிலும் இருக்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படவே கூடாது. மீன்களின் வெண்புள்ளி நோய்க்காக முன்பு எப்போதாவது தாமிரம் கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றியிருந்தால், அதில் கடற்சாமந்தியை விடும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. கல்லிலும் மணலிலும் படிந்த தாமிரம் பிறகு மெல்லக் கசிந்து வரும். மீன் தாங்கும் அளவைக்கூட முதுகெலும்பற்ற உயிர்கள் தாங்கமாட்டா.

சென்னைக் கோடை இதில் தனிச் சிக்கல். குளிர்சாதனம் இல்லாத அறையில் தொட்டி நீர் எளிதில் 30 பாகையைத் தாண்டிவிடும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன அல்லவா, அதே பாசியிழப்புத்தான் சூடான தொட்டியில் கடற்சாமந்திக்கும் நேர்கிறது. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் ஓரிரு பாகை குறையும். ஆனால் விசிறிக் காற்றில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை நாள்தோறும் ஆர்.ஓ. நன்னீரால் நிரப்புங்கள், உப்புக் கரைசலால் நிரப்பினால் உப்புத்தன்மை ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டுக்காக மின்கலத்தில் இயங்கும் காற்றேற்றி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இனி, கடற்சாமந்தியை வீட்டுக்குக் கொண்டு வந்த நாள். பையை மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பின், மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச்சொட்டாகப் பைநீரில் கலந்து, ஒரு மணி நேரம் வரை பழக்க வேண்டும். பைநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கடற்சாமந்தியைத் தொடும்போது கையுறை அணியுங்கள். கொட்டும் உயிரணுக்கள் உள்ள விலங்கு அது, அந்தக் கையால் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது. கற்களுக்கிடையே ஒரு பிளவின் அருகில் வைத்து, பாதம் ஒட்டும் வரை நீரோட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். நீரேற்றிகளின் உறிஞ்சு வாயை வலையாலோ நுரைப்பஞ்சாலோ மூடும் வேலையை அது வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்த விலங்கு நடக்கும். ஒளியோ நீரோட்டமோ பிடிக்காவிட்டால் இரவோடிரவாக இடம் மாறும். மூடாத நீரேற்றியில் சிக்கித் துண்டு துண்டானால், ஒரே நாளில் தொட்டி முழுவதும் நஞ்சாகிவிடும்.

அது நடந்து போய்ச் சேரும் இடம் உங்களுக்குப் பிடித்த இடமாக இருக்காது. பாறையின் பின்புறம் போய் ஒளிந்துகொள்ளலாம். பெரும்பாலானோர் பொறுமை இழப்பது இங்கேதான். அதைப் பெயர்த்து முன்னால் வைத்தால் மறுபடியும் நடக்கும், ஒவ்வொரு நடையிலும் வலுவிழக்கும். பவளங்களை உரசினால் கொட்டும் என்பதால், வேண்டுமானால் பக்கத்துப் பவளத்தை நகர்த்துங்கள். விளக்கின் ஒளியை முதலில் குறைத்து வைத்து, இரண்டு வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். அதுவே பலமுறை அதை வெளியே வரவழைத்துவிடும்.

முதல் வாரத்தில் உணவு வேண்டாம். பிறகு சுண்டுவிரல் நக அளவு இறால் துண்டை, வாரத்துக்கு ஒரு முறை, உணர்கொம்புகளின் மேல் மெதுவாக வைத்தால் போதும். பெரிய துண்டைக் கொடுத்தால் மறுநாள் அழுகிய நிலையில் கக்கிவிடும். சில வேளைகளில் அது சுருங்கி, வதங்கி, வாயிலிருந்து பழுப்பு நூல்போல் கழிவை வெளியேற்றும். சில மணி நேரத்தில் மீண்டும் விரியுமானால் கவலை இல்லை. குமிழ் நுனிகள் மறைந்து உணர்கொம்புகள் நீண்டுவிடுவதும் நோயன்று. வாய் நாள்கணக்கில் பிளந்து கிடப்பதும், பாதம் எதையும் பற்றாமல் உருள்வதும், திசு கூழாகித் துர்நாற்றம் வீசுவதும் வேறு கதை. கூழாகத் தொடங்கியதை உடனே வெளியே எடுத்து, நீரில் பாதியையாவது மாற்றி, அம்மோனியாவைச் சோதிக்க வேண்டும். மற்ற மீன்களையாவது காப்பாற்றலாம்.

கோமாளி மீனை எப்போது விடலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கடற்சாமந்தி ஓரிடத்தில் நிலைத்து, நாள்தோறும் முழுதாக விரியும் வரை பொறுங்கள். தளர்ந்த உயிரின் மேல் மீன் ஓயாமல் உரசினால் அது விரியவே முடியாது. தொட்டிகளில் அதிகம் காணப்படும் ஓசெல்லாரிஸ் கோமாளி, கடலில் இந்தக் குமிழ்நுனி இனத்தைத் தேடுவதில்லை; தொட்டியில் சிலவேளை உடனே ஏற்கும், சிலவேளை மாதக்கணக்கில் திரும்பியும் பார்க்காது. ஏற்றுக்கொண்ட மீன் சிலவேளை தன் உணவையும் கொண்டுபோய் அதன் நடுவில் போடும். அப்படிப் போடுவதைக் கண்டால், நீங்கள் வாரந்தோறும் கொடுக்கும் இறாலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.