ஆறு கடந்த பிறகு நீ யாரோ

சங்கத் தலைவர் அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே, அவருக்கும் முந்தைய தலைவர் அவர்களே (மூவரும் ஒரே மேடையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம்), நம் பிள்ளைகளின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் சமையல் குழுவினரே, எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி மூன்று விஷயம் பேசப்போகிறேன், ஒரு மனுவுக்குக் கையெழுத்தும் கேட்கப்போகிறேன்: சேர்க்கை மதிப்பெண், தொலைக்காட்சிப் பணம், பயிற்சியாளர் சம்பளம்.

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல, கறுப்பின வீரர்களை நடத்தியது இப்படித்தான்.

கெவின் ராஸ் கதையைக் கேளுங்கள். 1978-இல் ஒமாஹாவின் கிரெய்டன் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்துக்காக உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. ஏசிடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் 36-க்கு அவர் வாங்கியது 9, அங்கே சேருகிறவர்களின் சராசரியோ 23. தெரிந்தேதான் சேர்த்தார்கள். படிக்கக் கொடுத்த பாடங்களில் துப்பாக்கி சுடுதல் ஒன்று, கூடைப்பந்துக் கோட்பாடு ஒன்று. சிரிக்காதீர்கள், நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. 1982-இல் வெளியே வந்தபோது கையில் பட்டம் இல்லை, வாசிப்பு ஏழாம் வகுப்பு அளவு, மொழித்திறன் நாலாம் வகுப்பு அளவு. அப்புறம் இதே சிகாகோவில், மார்வா காலின்ஸ் நடத்திய பள்ளியில், நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து படித்தார். ஒரு வருஷச் செலவைக் கிரெய்டன் ஏற்றுக்கொண்டது, சரி, ஒரே ஒரு வருஷம். பிறகு ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பணம் இல்லாமல் நிறுத்திவிட்டார். 1989-இல் வழக்குப் போட்டார், கடைசியில் 30,000 டாலருக்குச் சமரசம். ஆறு கடந்தாயிற்று, நீ யாரோ!

சரி, மதிப்பெண்ணுக்கு வருகிறேன். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ 1983-இல் கொண்டுவந்த விதி 48, முதல் வருஷமே அணியில் ஆட எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வில் 700 வேண்டும் என்றது. 1989-இல் விதி 42, அதை எட்டாதவர்களின் உதவித்தொகையையும் பறிக்கப் பார்த்தபோது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கறுப்பினக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் களத்தைவிட்டு நடந்தே போய்விட்டார், அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷோ, அவரும் கறுப்பினத்தவர்தான், விதியை ஆதரித்தார்: தரத்தை உயர்த்தினால் பிள்ளைகள் எட்டிப்பிடிப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. நான் தாம்ப்சன் பக்கம். ஏழைப் பிள்ளைக்குக் கதவைச் சாத்திவிட்டு, அதைத் தரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தேர்வு மதிப்பெண் நிபந்தனையை 2023-இல் என்சிஏஏவே கைவிட்டுவிட்டது.

ஆனால் உள்ளே விட்டால் மட்டும் போதுமா? 2024 முதல், முழு உதவித்தொகையில் ஆடியவர்கள் திரும்பி வந்து பட்டம் முடிக்க என்சிஏஏவின் மேல்மட்டமான முதல் பிரிவுக் கல்லூரிகள் பணம் தரவேண்டும், பத்து வருஷம் வரை. நல்லது. பாதி உதவித்தொகைக்காரருக்கும் இது வேண்டும், கால வரம்பு கூடாது, எல்லாம் எழுத்தில் வேண்டும். எங்கள் மனுவின் கோரிக்கை இவ்வளவுதான்.

செயலாளர் சீட்டு நீட்டுகிறார். தொலைக்காட்சிப் பணத்தையும் சம்பளத்தையும் இன்னொரு மேடையில் பார்த்துக்கொள்ளலாம். மனுத்தாள் காபி மேசையில் இருக்கிறது, தலைவர்கள் மூவரும் முதலில் கையெழுத்துப் போடுவார்கள் என்று நான் அவர்களைக் கேட்காமலே அறிவித்துவிடுகிறேன்.