ஆப்ஷனல்னா விட்டுடலாமா?

வணக்கம் மக்களே! மண்டபம் வடக்குக் கரையில நிக்கிறேன். காத்து மைக்ல அடிக்கும், பொறுத்துக்கங்க.

இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை, ஆப்ஷனல். ஆன்லைன் ஃபார்ம்ல பாத்திருப்பீங்க. மொபைல் நம்பருக்குப் பக்கத்துல சிவப்பு நட்சத்திரம் இருக்கும், அத நிரப்பாம அடுத்த பக்கம் போகாது. ஈமெயிலுக்குப் பக்கத்துல ஆப்ஷனல்னு இருக்கும். இருந்தா போடு, இல்லாட்டி விடு. இதுல யாருக்கும் சந்தேகமில்ல.

ஐஏஎஸ் மாதிரி வேலைக்கு நடத்துற யுபிஎஸ்சி தேர்வு பக்கம் போனாத்தான் வில்லங்கம். எங்க தெருத் தம்பி ஒருத்தன் கேக்குறான், "அண்ணே, ஆப்ஷனல் பேப்பர்தானே, எழுதலைன்னா என்ன?" அடேய்! மெயின்ஸ்ங்கிற ரெண்டாங்கட்டத் தேர்வுல அது ரெண்டு தாள், தாளுக்கு 250, ஆக 500 மார்க். எழுத்துத் தேர்வுக்கு மொத்தமே 1750தான். எழுதணுமா வேணாமாங்கிறது அங்க உன் இஷ்டமில்ல. எந்தப் பாடம்ங்கிறதுதான் உன் இஷ்டம். தமிழ் இலக்கியம் எடு, புவியியல் எடு, ஏதாவது ஒண்ணு எடுத்தே ஆகணும்.

அப்புறம் நம்ம மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகு போகலாம். அப்ப நாட்டுப்படகுக்குத் தடை ஆப்ஷனல்னு சொல்லலாமா? தப்பு. அவங்களுக்கு அந்த விதியே கிடையாது, அது நாட் அப்ளிகபிள். விதி நமக்கும் உண்டு, செய்யுறதும் விடுறதும் நம்ம விருப்பம்னாத்தான் ஆப்ஷனல்.

இப்பச் சொல்லப்போறத நல்லா கேளுங்க, இங்கதான் நெறையப் பேரு வழுக்குறாங்க. "நாட் ஆப்ஷனல்" வேற, "நாட் அன் ஆப்ஷன்" வேற. "லைஃப் ஜாக்கெட் இஸ் நாட் ஆப்ஷனல்"னா கண்டிப்பா போடணும். "நாட் அன் ஆப்ஷன்"னா அந்த வழியே அடைச்சுப்போச்சு. 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்துனாங்க, 2025 ஏப்ரல்லதான் புதுப் பாலம் திறந்தாங்க. நடுவுல ராமேஸ்வரத்துக்குள்ள ரயில்ல போறது "நாட் அன் ஆப்ஷன்". மண்டபத்துல எறங்கி ரோட்டுப் பாலத்துலதான் போகணும். அதையே "ட்ரெயின் இஸ் நாட் ஆப்ஷனல்"னு ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க, ரயில்லதான் வந்தாகணும் போலன்னு டிக்கெட் தேடுவாரு! கடைசியில ஒரு 'அல்' சேந்ததுக்கே அர்த்தம் தலைகீழ்.

பேச்சுத் தமிழ்ல "வேற ஆப்ஷனே இல்லப்பா"ங்கிறோம்ல, அது இதுல ரெண்டாவது ரகம். அத இங்கிலீஷ்ல சொல்லும்போது ஆப்ஷனல்னு நீட்டாதீங்க, ஆப்ஷனோட நிறுத்துங்க.