தம்புசாமி என்று எழுந்த குரல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்னும் அரசாங்க இடைநிலைப்பள்ளியின் பெருமை அதன் வரலாற்றிலா, வளாக வாழ்விலா என்பது கேள்வி. வளாக வாழ்வில்தான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஆண்டுகளை அழகாக அடுக்கினார். 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்குத் திரட்டிய நிதியில் கருக்கொண்டது, 1893இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1929இல் பெட்டாலிங் குன்றுக்கு மாறியது, 1945 செப்டம்பர் 13இல் ஜப்பானியப் படையின் சரணடைதலைக் கண்டது என்றார். எதையும் மறுக்க மாட்டேன். ஆனால், "விளையாட்டுப் போட்டி நாளில் திடலோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவதெல்லாம் ஒரு பெருமையா?" என்று போகிற போக்கில் கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க முடியாது.

எங்கள் பள்ளியில் போட்டிகளுக்காக மாணவர்களை இல்லங்கள் என்னும் அணிகளாகப் பிரிப்பார்கள். முதலாம் படிவத்தில் என்னைத் தம்புசாமி இல்லத்தில் சேர்த்தார்கள். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சொன்னதும், முறுக்கு பிழிந்துகொண்டிருந்த பாட்டியின் கை நின்றது. "நம்ம மாரியாத்தா கோயில் கட்டுன புள்ளையாடா?" என்று கேட்டார்.

அவரேதான். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமிப் பிள்ளைதான், லோக் இயூ, யாப் குவான் செங் ஆகிய சீனச் செல்வந்தர்களோடு சேர்ந்து இந்தப் பள்ளி எழவும் துணை நின்றார். பள்ளியின் முதல் கட்டடம் இருந்த ஹை ஸ்திரீட்டில்தான் கோயிலும் இருந்தது. ஒரே தெருவில் சாமிக்கு ஒரு வீடும் படிப்புக்கு ஒரு வீடும். ஆனால் கோயிலுக்கு வாழ்நாளெல்லாம் போய்வந்த பாட்டிக்குப் பள்ளியைத் தெரியாது, பள்ளிக்குப் போன எனக்குக் கோயில் கட்டியவரைத் தெரியாது. வரலாறு ஏட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. எங்கள் இருவரில் ஒருவரிடமும் அது வந்து சேரவில்லை.

அவ்வாண்டு விளையாட்டுப் போட்டி நாளுக்குப் பாட்டியை அழைத்துச் சென்றேன். அஞ்சல் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில், எங்கள் இல்லத்துக்காகக் கோலை வாங்கிக்கொண்டு ஒரு மலாய் மாணவன் பாய்ந்தான். எங்கள் இல்லத்துச் சீன மாணவர்களும் பஞ்சாபி மாணவர்களும் மலாய் மாணவர்களும் எழுந்து நின்று, "தம்புசாமி! தம்புசாமி!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். நானும் கத்தினேன். திரும்பிப் பார்த்தால், பாட்டி எழுந்து நிற்கிறார், கைகள் கூப்பியிருக்கின்றன. 1902இல் மறைந்த ஒரு தமிழரின் பெயரை அத்தனை இனத்துப் பிள்ளைகளும் உயிரைக் கொடுத்து அழைத்ததைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் "ஒரு பெருமையா?" என்று கேட்ட கத்தல் இதுதான்.

அன்று எங்களுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், கோயிலுக்குப் போகவேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தார். சன்னிதியில் கற்பூரம் ஏற்றிவிட்டு மெல்லச் சொன்னார்: "எங்க புள்ளைங்க நல்லா ஓடுனாங்க, தாயே." அந்த அஞ்சல் ஓட்டத்தில் எங்கள் இல்லத்துக்காக ஓடிய நால்வரில் ஒருவன்கூடத் தமிழன் இல்லை.