பெயர் பரவாத ஊருக்கே போங்கள்!

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

துணையோடு குடியேற ஏற்றது கலைஞர் ஊர் என்று பெயரெடுத்த ஊரா, இன்னும் பெயர் பரவாத ஊரா என்பது இன்றைய தலைப்பு. பெயரெடுத்த ஊரில் பாட்டும் ஓவியமும் அவசரமில்லாத மனிதர்களும் தயாராக இருக்கிறார்கள், போய் இறங்கினால் போதும் என்றார் எதிரணித் தலைவர். எந்த வீட்டில் இறங்குவது, அந்த வீட்டில் எத்தனை மாதம் இருக்க விடுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. என் வாதம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஊர்கள் எப்படி உருவாயின என்று பாருங்கள். பாரிஸின் மோன்மார்த்ர் குன்று 1860 வரை நகர எல்லைக்கு வெளியே இருந்தது. நகருக்குள் நுழையும் சரக்குக்குப் போட்ட வரி அங்கே கிடையாது. வாடகை பிற்பாடும் மலிவாகவே இருந்தது. பழைய பியானோ பட்டறை ஒன்றை அறை அறையாகத் தடுத்துத்தான் 'பத்தோ லவ்வார்' என்ற கலைஞர் குடியிருப்பு உண்டானது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். ஓவியர் பிக்காஸோ 1904இல் அங்கே குடிவந்தார். அமெரிக்காவின் பிஸ்பீயில் 1970களின் நடுவில் செப்புச் சுரங்க வேலை நின்றது. தொழிலாளர்கள் விற்றுவிட்டுப் போன வீடுகளுக்கு ஓவியர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் ஹெப்டன் பிரிட்ஜில் மூடிக்கிடந்தவை நெசவாலைகள். ஆஸ்திரேலியாவின் பைரன் பேயில் திமிங்கிலத் தொழில் 1962இல் முடிந்தது, இறைச்சி ஆலை 1983இல் மூடியது. எங்கும் வரிசை ஒன்றே: ஒரு தொழில் வெளியேறியது, கூரைகள் காலியாயின, வாரத்தில் சில நாள் உழைத்தாலே வாடகை கட்ட முடிந்தது. மிச்ச நாட்களில் பிறந்ததுதான் நாம் ஆசைப்படும் அந்த ஆசுவாசம்.

பெயர் பரவியதும் முதலில் போவது அந்த வாடகைதான். வீட்டுக்காரருக்கு ஒரு வருடக் குடித்தனத்தைவிட வாரக்கணக்கில் வரும் விடுமுறை விருந்தாளி லாபம். ஒன்பது மாதம் உங்களை வைத்திருந்து, சுற்றுலாப் பருவம் தொடங்கும்போது காலி செய்யச் சொல்வார். பைரனில் விடுமுறை வாடகை இந்த அளவுக்குப் பெருகியதால், உரிமையாளர் குடியிராத வீட்டைப் பெரும்பாலான பகுதிகளில் வருடத்துக்கு 60 நாளுக்கு மேல் அப்படி விடக்கூடாது என்று 2024 செப்டம்பரில் கட்டுப்பாடு வந்தது. ஓவியர்களின் ஊராகவே அறியப்பட்ட, இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கு மட்டுமே என்ற திட்டத்துக்கு 2016இல் வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு தந்தார்கள். பழைய வீடுகளை அந்த விதி தொடாது. ஊரின் அழகெல்லாம் பழைய வீட்டில் அல்லவா இருக்கிறது!

"பெயரில்லாத ஊரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி, வழியும் இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த, ஆனால் கட்டுப்படியாகாத ஒரு கலை ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கலைஞர்கள் தங்கள் பட்டறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் நாட்களின் பட்டியலையும், கைவினைச் சந்தையில் கடை போடுவோர் பட்டியலையும் வாங்கி, பட்டறை முகவரிகளை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள். விற்பது அந்த ஊரில். உறங்குவது பலர் 20, 40 கிலோமீட்டர் தள்ளி. புள்ளிகள் எங்கே கூடுகின்றனவோ அந்தச் சிற்றூர்தான் உங்கள் தேடலின் முதல் பெயர். அடுத்து அங்கே நீண்டகால வாடகைக்கு எத்தனை வீடு, விடுமுறைக்கு எத்தனை வீடு என்று ஒரு மாதம் விளம்பரங்களை எண்ணுங்கள். பின்னது பல மடங்கு என்றால் பெயர் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு ஊர் பாருங்கள்.

பிறகு நேரில் போங்கள், ஆனால் திருவிழா நாளில் வேண்டாம். ஊரின் மிக மோசமான பருவத்தில், வாரத்தின் நடுவில், மழையோ குளிரோ அடிக்கும் நாளில் போங்கள். நூலக அறிவிப்புப் பலகையைத் தேதியோடு படியுங்கள். பாட்டுக் குழுவுக்கு ஆள் தேவை, சூளையில் இடம் வாடகைக்கு, பழைய தறி விற்பனைக்கு என்று உள்ளூர்க்காரர் உள்ளூர்க்காரருக்கு எழுதிய காகிதங்கள் இருந்தால் ஊர் உயிரோடு இருக்கிறது. எல்லாமே வாரக்கடைசிப் பயிலரங்கு விளம்பரம் என்றால் அது விருந்தாளிகளுக்காக நடக்கும் ஊர். படச்சட்டம் போடுபவர், இசைக்கருவி பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஒரு தொழில்முறை நபராவது அங்கே வருடம் முழுக்கப் பிழைக்கிறார் என்றால் அவருக்கு வேலை கொடுக்கும் கலைஞர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். காட்சிக்கூடத்தைவிட இது உறுதியான அடையாளம்.

பெயரில்லாத ஊரில் ஆபத்து இல்லை என்று எங்கள் அணி சொல்லவில்லை. பழைய ஆலைகள் தண்ணீருக்காக ஆற்றங்கரையில் கட்டப்பட்டவை. பட்டறைக்கு மலிவாகக் கிடைப்பதும் அந்தக் கட்டடங்களே; மலிவுக்கு வெள்ளமும் ஒரு காரணம். ஹெப்டன் பிரிட்ஜ் 2015 டிசம்பரில் மூழ்கியது. அமெரிக்காவின் ஆஷ்வில்லில், ஆற்றங்கரைக் கலைப் பகுதியை 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் சூறையாடியது. குழாயில் மறுபடி குடிக்கத் தகுந்த நீர் வர ஏழு வாரத்துக்கும் மேல் ஆனது. ஆகவே வெள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பட்டறை கீழே இருந்தாலும் படுக்கை மேட்டில் இருக்கட்டும். சுவரின் அடியிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புப் பூத்த கோடு தெரிந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. புது வண்ணம் அதை மறைக்கும், நிறுத்தாது. சுரங்க ஊரில் மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் தங்கியிருக்கலாம். தோட்டம் போடுமுன் மண்ணைச் சோதித்துவிடுங்கள்.

இப்போது தலைப்பிலுள்ள 'துணை' என்ற பாதிக்கு வருகிறேன். எதிரணி அதைத் தொடவே இல்லை. குடிபெயர்ந்த இணைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்: ஒருவரின் வேலை கணினியோடு கூடவே வருகிறது, மற்றவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார். முதலாமவருக்கு ஊர் சொர்க்கம். இரண்டாமவருக்கு நான்காம் மாதத்தில் நாள் நீளத் தொடங்குகிறது. எனவே, எவருடைய வேலை நகர்த்தக் கடினமோ, ஊரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கே முதலில் வேண்டும். விட்டுக்கொடுக்க முடியாதவை மூன்றை இருவரும் தனித்தனியே எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை காட்டிக்கொள்ள வேண்டாம். ஒத்திகைக்குக் குறைந்தது ஒரு மாதம் தங்குங்கள். அதில் நான்கைந்து நாள் ஒருவர் வெளியூர் போகட்டும், பிறகு மற்றவர். துணையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். தனியாக மருந்து வாங்கவும், பஸ் பிடிக்கவும், மாலையில் பேச ஒருவரைத் தேடவும் முடிகிறதா என்று இருவருக்கும் தெரிய வேண்டும்.

இருவரும் ஒரே நேரத்தில் காணொளி அழைப்பில் இருந்தால் நொடிக்கு 8 மெகாபிட் அப்லோட் வேகம் இருந்தால் தடையில்லாமல் ஓடும். மாலை 7 மணிக்கு, வீட்டின் உள்ளறையில் நின்று அளந்து பாருங்கள். கதவு சாத்தக்கூடிய அறை இரண்டு வேண்டும். வாடகையை ஒருவர் வருமானத்தில் மட்டும் மூன்று மாதம் கட்ட முடிய வேண்டும், ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். வெளிநாடு போகும் இணைக்கு இது இன்னும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் துணை விசாவுக்கு, திருமணம் செய்யாத இணையர் பொதுவாக 12 மாத உறவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். கூட்டு ஒப்பந்தமும் கூட்டு வங்கிக் கணக்கும் அதற்கு உதவும்.

"நாளைக்கு உங்கள் ஊரும் பெயரெடுத்தால்?" என்பது எதிரணியின் கடைசி அம்பு. எடுக்கலாம். அதற்கும் ஏற்பாடு உண்டு. கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா, 1971இல் கைவிடப்பட்ட ராணுவ முகாமில் குடியேறியவர்கள் உருவாக்கிய இடம். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 2011இல் அரசோடு உடன்படிக்கை செய்து, தங்கள் அறக்கட்டளையின் பெயரில் அந்த இடத்தின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டார்கள். விலை ஏறுமுன் கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பதே, நீங்கள் அங்கே நிலைப்பீர்களா என்பதைத் தீர்மானிக்கிறது. பெயர் பரவாத ஊரில் அதைக் கேட்கவும் ஒரு கூட்டுறவில் சேரவும் காலம் இருக்கிறது; பெயரெடுத்த ஊரில் அந்தக் கட்டடம் ஏற்கெனவே விலைபோயிருக்கும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.