சந்தேகங்களுக்கு விளக்கம்: ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சி நடத்துவது?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் ஆறு பேர் சேர்ந்து கலை, வரலாற்றுக் குழு தொடங்கியிருக்கிறோம். ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம் என்று ஐந்து நிகழ்ச்சிகள் திட்டமிட்டிருக்கிறோம். சிற்றூரில் கூட்டம் வருமா? பணத்துக்கு என்ன செய்வது?"

ஐந்து வேண்டாம், ஐயா. இரண்டு போதும். அந்த இரண்டையும் ஆண்டு தவறாமல் நடத்துங்கள். நீங்கள் சொன்ன தேதிகளையே பாருங்கள். ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும், பிள்ளைகளுக்குத் தேர்வு. நவம்பரில் அடைமழை. அந்தத் தேதிகள் உலகத்துக்குப் பொருந்தும். நம் ஊருக்கு நம் ஊர் நாள்காட்டிதான்.

நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கத்துக்காரர்கள். இங்கே ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நடுகற்கள், அதாவது மாண்ட வீரர்களுக்கு நட்ட நினைவுக்கற்கள், நிற்கின்றன. ஆகவே தை அறுவடை முடிந்ததும் ஒரு நடுகல் நடை. எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் அது, 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயரும் உண்டு: கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. 1400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது! இதை ஒரு சிறுவன் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கண் கலங்கும்.

நடையைச் சாயங்காலம் நான்கரை மணிக்கு மேல் வையுங்கள். உச்சி வெயிலில் கல் மொழுமொழுவென்று தெரியும். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது, இல்லை என்று நினைத்த எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். சுண்ணக்கட்டி, கோலமாவு எதையும் தேய்க்க விடாதீர்கள். கம்பித் தூரிகையும் அமிலமும் கல்லின் பக்கமே போகக் கூடாது. எழுத்து தேய்ந்தால் போனது போனதுதான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்தப் பக்கத்தில் பல நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மஞ்சள் பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். அங்கே போய், "இது சாமி இல்லை, வீரன் கல்" என்று பாடம் எடுக்காதீர்கள். முதல் நாளே பூசாரி வீட்டுக்குப் போய் உத்தரவு கேளுங்கள். செருப்பைத் தூரத்திலேயே விடுங்கள். கும்பிட்டு வந்த குடும்பங்கள்தான் இத்தனை காலமும் அந்தக் கற்களை ஜல்லியாகாமல் காப்பாற்றியவர்கள். முதலில் அவர்கள் பேசட்டும், பிறகு நாம் கல்வெட்டைப் படிக்கலாம்.

இரண்டாவது நிகழ்ச்சி கூத்து. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. நாங்கள் தனியாக மேடை போடுவதில்லை. கோயில்காரர்களிடமும் கூத்து வாத்தியாரிடமும் கேட்டுக்கொண்டு, மாலையில் பிள்ளைகளை ஒப்பனைக் கொட்டகைக்கு அழைத்துப் போகிறோம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. முகத்தில் அரிதாரம் ஏறுவதை அருகில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். தோளில் கட்டும் புஜக்கட்டையைக் கையில் வாங்கி, "மரமா? இவ்வளவு லேசாக இருக்கிறதே!" என்று வியக்கிறார்கள். கடைசி நாள் படுகளத்தில், அதாவது போர்க்களக் காட்சியில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையில் பீமன் அடிக்கும்போது கொட்டகையில் பார்த்த அதே மனிதரா இவர் என்று வாய் பிளந்து நிற்பார்கள்.

கூட்டம் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் முதல் ஆண்டில் பந்தல், ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர் எல்லாம் வைத்தோம். விருந்தினர் மூன்று மணி நேரம் தாமதம். பிள்ளைகள் பசியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அதன் பிறகு சிறப்பு விருந்தினர் கிடையாது, சால்வை கிடையாது. இருபது பேர் வந்தாலும் போதும். ஆனால் அந்த இருபது பேரும் கல்லைத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும்.

பணமும் அப்படித்தான். பந்தல் இல்லை என்றால் செலவு என்ன இருக்கிறது? கல்வெட்டு வாசகத்தின் நகல் ஆளுக்கு ஒன்று, ஒரு குடம் மோர், தூரம் என்றால் பஸ் டிக்கெட். ரசீது போட்டு வசூலிக்க வேண்டிய தொகையே இல்லை.

உங்கள் ஊரில் எந்தக் கல் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வாரமே ஒரு சாயங்காலம் போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து இருந்தால் அடுத்த காணொளியில் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.